அரவினத்தாரும் அயலாரும்: ஸ்க்ரல் படக்கதைகள் பற்றி ஒரு திறனாய்வு

முன்னுரை

சங்க மலர் என்றால் சிலம்பு, குறள், கம்பன் என்று எழுதுவதே நம் மரபு. அமெரிக்கப் படக்கதையில் வரும் பச்சைத்தோல் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி எழுத ஒருவர் வந்துவிட்டாரே என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். 1972 ஜனவரியில் சிவகாசி முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு கடைக்கு வந்தது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து அதையெல்லாம் படித்த தலைமுறை நாம். இன்றைக்கு நம் பேரப்பிள்ளைகள் மார்வெல் படங்களைக் கைப்பேசியிலேயே பார்த்து முடித்துவிடுகிறார்கள். பார்க்காதே என்று சொன்னால் கேட்கப் போவதில்லை. அதில் என்னதான் இருக்கிறது என்று நாமும் படித்துப் பார்ப்பது நல்லது.

அவற்றில் 'ஸ்க்ரல்' என்று ஓர் இனம் வருகிறது. ஊர்வன வழியில் பரிணமித்தவர்கள். பச்சைத் தோல், கூரிய காது, வரிவரியாகக் கோடு விழுந்த தாடை. நினைத்த உருவத்தை எடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் போலவே வந்து உட்கார்ந்தாலும் நமக்குத் தெரியாது. எல்லை கடந்து பிழைக்க வந்த நம் போன்ற குடும்பங்களுக்கு இந்த இனத்தின் கதையில் யோசிக்க நிறைய இருக்கிறது என்பது என் கருத்து.

முதல் கதையும் மூன்று மாடுகளும்

ஸ்டான் லீ எழுத, ஜாக் கிர்பி வரைந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இரண்டாம் இதழில், 1962 ஜனவரித் தேதியிட்டு, ஸ்க்ரல்கள் முதன்முதலாக வருகிறார்கள். நான்கு நாயகர்களின் உருவத்தை எடுத்துக்கொண்டு ஊரெங்கும் அட்டூழியம் செய்கிறார்கள். ஒருவன் கடலில் நிற்கும் கோபுரத்தைச் சாய்க்கிறான், ஒருத்தி விலையுயர்ந்த கல்லைத் திருடுகிறாள், இன்னொருவன் சிலையை உருக்குகிறான், மற்றொருவன் நகரத்தின் மின்சாரத்தைத் துண்டிக்கிறான். நேற்றுவரை கை தட்டிய ஜனங்களே உண்மையான நால்வரையும் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ராணுவமும் துரத்துகிறது.

இந்த இடத்தில் கதாசிரியரைப் பாராட்ட வேண்டும். ஆளை அடிப்பதைவிட ஆளின் பெயரைக் கெடுப்பது பெரிய ஆயுதம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வியாபாரம் செய்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் இருக்கிற சரக்கு போனால் மறுபடி வாங்கலாம். பெயர் போனால் எந்த மண்டியில் போய் வாங்குவது?

பிறகு நாயகன் ரீட் ரிச்சர்ட்ஸ் எதிரியின் கப்பலுக்குள் ஸ்க்ரல் வேடக்காரன் போலவே புகுந்து, படக்கதைப் புத்தகங்களிலிருந்து வெட்டி எடுத்த பூதங்களின் படங்களைக் காட்டி, பூமியில் இப்படிப்பட்டவை காவல் இருக்கின்றன என்று பயமுறுத்துகிறான். அவர்கள் நம்பி ஓடிவிடுகிறார்கள். பூமியில் மிஞ்சிய மூன்று ஸ்க்ரல்களை மாடுகளாக உருமாறச் செய்து, தாங்கள் யார் என்பதே மறந்துபோகும்படி மனவசியம் செய்து, புல்வெளியில் விட்டுவிடுகிறான். கதை முடிந்தது, சுபம்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வினைக் கோட்பாட்டில் வளர்ந்தவனுக்கு அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். ஒருவனை அவன் தன்மையையே மறக்கடித்து விலங்காக்கி மேயவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுமா? தீராது என்று பின்னால் வந்த எழுத்தாளர்களுக்கே தோன்றியிருக்கிறது. 1983இல் ஜான் பைர்ன் எழுதிய ஆண்டிதழில், அந்த மாடுகளின் பாலைக் குடித்த ஊர்க்காரர்கள் உருமாறும் தன்மை பெற்று அல்லல்படுகிறார்கள். 1995இல் கிராண்ட் மாரிசனும் மார்க் மில்லரும் எழுதிய 'ஸ்க்ரல் கில் க்ரூ' தொடரில் அந்த மாடுகள் அறுக்கப்பட்டு, இறைச்சி ரொட்டிக்குள் போகிறது. தின்றவர்களில் சிலருக்குச் சக்தி வருகிறது, கூடவே உயிர்கொல்லி நோயும் வருகிறது. அதற்குப் பழி வாங்க அவர்கள் ஸ்க்ரல்களையே வேட்டையாடக் கிளம்புகிறார்கள். அதாவது கொன்று தின்றவர் நோயாளி, நோய்க்குப் பழி மறுபடியும் கொல்லப்பட்டவர் தலையில்! எழுதியவர்கள் குரூரமான நகைச்சுவையாகத்தான் எழுதினார்கள். ஆனால் ஊன் உண்ணாமைக்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் அறநூல் எழுதியவர்களுக்கே கிடைத்திருக்காது.

சந்தேகம் என்னும் சரக்கு

இந்தக் கதை ஏன் 1962இல் பிறந்தது? அமெரிக்காவில் 1950களில் செனட்டர் மெக்கார்த்தி காலத்தில், கூட வேலை செய்பவன் ரகசியக் கம்யூனிஸ்டோ என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். கியூபா ஏவுகணை நெருக்கடி வந்ததும் அதே 1962இல்தான். நம்மைப் போலவே இருப்பான், ஆனால் நம்மவன் அல்லன் என்ற பயத்துக்குப் பச்சைத் தோல் போர்த்தினால் அதுதான் ஸ்க்ரல்.

அந்தப் பயத்தைக் கேலி செய்த கதையும் அதே நிறுவனத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1971-72இல் ராய் தாமஸ் எழுதிய க்ரீ-ஸ்க்ரல் யுத்தக் கதையில், வேற்றுக்கிரகவாசிகளைக் கண்டுபிடிக்க ஓர் ஆணையம் அமைக்கிறார்கள். அதன் தலைவர் க்ராடக் என்பவர் மேடை மேடையாக அந்நியர் அபாயத்தைப் பற்றி முழங்குகிறார். கடைசியில் பார்த்தால் அந்த வேடத்தில் இருந்தவனே ஒரு ஸ்க்ரல்! ஊரில் யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் பையை முதலில் சோதிக்க வேண்டும் என்பது செக்போஸ்ட்டில் நின்று பழகியவர்களுக்குத் தெரிந்த பாடம்தானே?

வணிகனாக வந்தவன்

அறுபது ஆண்டு ஸ்க்ரல் கதைகளில் எனக்கு உயர்ந்ததாகப் படுவது 1975இல் ஸ்டீவ் எங்கல்ஹார்ட் 'அவெஞ்சர்ஸ்' இதழில் எழுதிய பூர்வ கதை. ஆதியில் ஸ்க்ரல்கள் வியாபாரிகளாம்! நட்சத்திரம் நட்சத்திரமாகச் சரக்கும் அறிவும் கொண்டுபோய் உறவு வளர்த்தவர்களாம். ஹாலா என்ற கிரகத்துக்கு வருகிறார்கள். அங்கே க்ரீ என்ற போர்க்குணம் கொண்ட இனமும், கொட்டாட்டி என்ற சிந்திக்கும் தாவர இனமும் வாழ்கின்றன. யாரோடு உறவு வைப்பது என்று தீர்மானிக்க ஸ்க்ரல்கள் ஒரு போட்டி வைக்கிறார்கள். க்ரீக்கள் நிலவில் ஒரு நகரம் கட்டுகிறார்கள். கொட்டாட்டிகள் ஒரு சோலை வளர்க்கிறார்கள். சோலைக்கே பரிசு என்றதும் க்ரீக்கள் ஆத்திரப்பட்டுக் கொட்டாட்டிகளையும் வந்த வணிகர்களையும் கொன்று, கப்பலைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அன்று செத்தவர்களில் ஸ்க்ரல் பேரரசர் டோரெக்கும் ஒருவர். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரல் ஆயுதம் எடுத்தது.

13 ஆண்டுகளாக வெறும் பூச்சாண்டியாக இருந்த ஓர் இனத்துக்கு இந்த ஒரு கதை பேரேட்டில் பழைய பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டது. நம்மூர்க் கதைகளில் பாம்புக்கு எப்போதும் இந்தப் பழைய பக்கம் உண்டு. 1979இல் வந்த 'நீயா' படத்தை நினைத்துப் பாருங்கள். உருமாறும் நாகம் ஒவ்வொருவராகக் கொல்கிறது. ஆனால் அதன் துணையைச் சுட்டது யார் என்பதை முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். பயமும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. 1986இல் டெல்லி ராஜ் காமிக்ஸ் படைத்த நாகராஜ், கெட்டவர்கள் கையில் ஆயுதமாகத் தொடங்கி நல்லவனாகத் திருந்திய பாம்பு நாயகன்.

கம்பத்துக்கு அடுத்த உத்தமபாளையத்தில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அச்சணந்தி என்ற முனிவரின் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது. தலைக்குமேல் நாகம் படம் விரித்து நிற்பவர் பார்சுவநாதர். தீயில் வேகவிருந்த பாம்புகளிடம் அவர் இரக்கம் காட்டினார். அது மறுபிறவியில் தரணேந்திரனாகி, கமடன் மழையும் பாறையும் பொழிந்தபோது அவருக்குக் குடை பிடித்தது என்பது புராணம். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றின் தலைவன் நாககுமாரன் பெயர் பெற்றதும், நீரில் விழுந்த குழந்தையை நாகம் தாங்கியதால்தான். இந்த மரபில் ஊர்வன இனத்தோடு மனிதனுக்கு வரவு செலவு உண்டு. அதனால் உறவும் உண்டு.

வீடிழந்தவர்கள்

1983இல் ஸ்க்ரல்களின் தலைமைக் கிரகத்தையே கேலக்டஸ் என்ற பெரும்பூதம் விழுங்கிவிடுகிறது. அதன்பின் அவர்கள் வீடற்ற இனம். 2008இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதிய 'சீக்ரெட் இன்வேஷன்' இதை வைத்துக் கிளம்பிய பெரிய தொடர். யார் ஸ்க்ரல், யார் மனிதர் என்று நாயகர்களே ஒருவரை ஒருவர் நம்ப முடியாத நிலை. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் வீடிழந்தவர்களின் வலியை நான்கு வசனத்தில் சொல்லிவிட்டு மீதிப் பக்கங்களைச் சண்டைக்கே ஒதுக்கிவிட்டார்கள்.

2019 மார்ச்சில் வந்த 'கேப்டன் மார்வெல்' படம் தராசைத் திருப்பிப் போட்டது. அதில் ஸ்க்ரல்கள் அகதிகள். தலைவன் டாலோஸ் மனைவியையும் மகளையும் தேடி அலைகிறவன். நல்ல காரியம்தான். ஆனால் பற்றுப் பக்கத்தில் இருந்தவரை வரவுப் பக்கத்துக்கு மாற்றி, வரவில் இருந்த க்ரீயைப் பற்றில் எழுதியதோடு சரி. முழு இனத்தையும் ஒரே வரியில் எழுதும் பழக்கம் மாறவில்லை. 2023இல் ஆறு பகுதியாக வந்த தொடரில், புது வீடு தேடித் தருவதாகச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படாததால் இளைய ஸ்க்ரல்கள் கலகம் செய்கிறார்கள். முடிவில் அமெரிக்க ஜனாதிபதி வேற்றுக்கிரகத்தில் பிறந்த எல்லோரையும் எதிரி என்று அறிவிக்க, ஜனங்கள் துப்பாக்கி தூக்குகிறார்கள், அசல் மனிதர்களும் சேர்ந்து சாகிறார்கள். தொடர் அவசரமாக முடிந்தாலும் இந்தக் கடைசிக் கட்டம் உண்மை பேசுகிறது. சந்தேகத்தை அவிழ்த்துவிட்டால் அது ஆள் பார்த்துக் கடிப்பதில்லை.

மொத்தத்தில் இந்தக் கதைகளின் பெரிய குறை எது என்றால், அறுபது ஆண்டுகளில் ஒரு நாயகனும் ஸ்க்ரல் பாஷையைக் கற்றுக்கொண்டு அவர்களிடம் போய்ப் பேசியது கதையின் மையமாகவில்லை என்பதே. முதல் கதையில் ரீட் பேசுகிறான், ஆனால் வேடத்தில் பேசுகிறான், ஏமாற்றப் பேசுகிறான்.

சாதுவன் செய்தது

நம்மிடம் மாற்றுக் கதை இருக்கிறது. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், அவரும் ஒரு தானிய வியாபாரி, மணிமேகலையில் சாதுவன் என்ற வணிகனைப் பற்றிச் சொல்கிறார். சூதிலும் கணிகையிலும் பொருளை இழந்து, கடல் வாணிகத்துக்குப் போய், கப்பல் உடைந்து, நாகர் மலையில் ஒதுங்குகிறான். ஆடையில்லாத, ஆளைத் தின்னும் நாகர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். சாதுவனுக்குச் சக்தி எதுவும் கிடையாது. அவர்கள் பாஷை தெரியும், அவ்வளவுதான். அவர்கள் பேச்சிலேயே அவன் பேசியதும் தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். அவன் தந்த கள்ளையும் ஊனையும் மறுத்து, ஏன் மறுக்கிறேன் என்று சாதுவன் விளக்குகிறான். மூப்படைந்து தானாகச் செத்த மிருகத்தை உண்ணலாம், கொல்லாதே என்ற அளவில் உடன்பாடு ஏற்படுகிறது. சமணத்துக்கு அது போதாது. ஆனால் ஆள் தின்றவனிடம் ஆரம்பிக்க அது போதும். உடைந்த கப்பல்களின் சரக்கை எல்லாம் கொடுத்து வழியனுப்புகிறான் தலைவன்.

முடிவுரை

1956 நவம்பர் 1இல் மாநில எல்லை போடப்பட்ட பிறகு, இந்த மலைப்பக்கம் வாழும் நமக்கு இரண்டு பெயர். இங்கே 'பாண்டி' என்பார்கள், கீழே கம்பத்துக்குப் போனால் 'மலையாளத்துக்காரங்க' என்பார்கள். என்னைப் போன்ற தமிழ்ச் சமணனுக்குக் கூடுதலாக ஒன்று: "நீங்க சேட்டுங்களா?" 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்து எல்லைப் பாதைகள் அடைபட்டபோது, ஒரே சந்தையில் பல வருஷம் வாங்கி விற்றவர்கள்கூட ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்த்தார்கள். பச்சையாக இருந்தால் ஏலக்காய்க்குத்தான் நல்ல விலை, மனுஷனுக்கு இல்லை.

ஆனால் நாமும் யோக்கியர்கள் என்று சொல்லிவிட முடியாது. இன்று ஏலத்தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் காய் எடுக்கிறார்கள். ஒரு திருட்டு நடந்தால் போதும், 'அந்த வடக்கத்தியானுங்கதான்' என்று முதலில் சொல்கிற வாய் எது? 'பாண்டி' என்று கேட்டு நொந்த நம் வாய்தான்.

படக்கதை எழுதியவர்கள் இப்போது ஒரு நல்ல பாத்திரத்தைப் பிடித்திருக்கிறார்கள். 2005இல் 'யங் அவெஞ்சர்ஸ்' இதழில் வந்த ஹல்க்லிங் என்ற இளைஞன், ஸ்க்ரல் இளவரசிக்கும் க்ரீ வீரனுக்கும் பிறந்து பூமியில் வளர்ந்தவன். ஹாலாவில் செத்த பேரரசரின் பெயரே, டோரெக், அவனுக்கும் பெயர். 2020இல் வந்த கதையில் அவனே இரு இனத்துக்கும் பொதுவான பேரரசனாகிறான். தமிழும் மலையாளமும் கலந்த வீட்டில் பிறந்து, இரண்டு பக்கமும் 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்கப்படும் நம் பிள்ளைகள் இந்தப் பையனை உடனே புரிந்துகொள்வார்கள். அவனைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள், அவர்களே சொல்வார்கள்.

நமக்குச் சாதுவன் போதும். மலையாளம் எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டோம். தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பையனிடம் 'சாப்பிட்டாயா, வீட்டில் எத்தனை பேர், ஊருக்குப் பணம் அனுப்பினாயா' என்று அவன் பாஷையில் கேட்கிற அளவுக்கு நாலு வார்த்தை கற்றுக்கொள்ளலாம். சங்கத்தில் அதற்கொரு மாலை வகுப்பு வைத்தால் நானும் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.