கிணற்று நீரும் கண்ணாடித் தொட்டியும்

மீனும் தவளையும் ஒருங்கே வாழத்தக்க வீட்டுத் தொட்டி என்று பெட்டியின்மேல் படம் போட்டு விற்கப்படும் ஒரு சாதனத்தை, கொழும்பிலிருந்து வந்த உறவினர் மூலம் வருவித்து, பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்து ஒன்பது மாத காலம் பரீட்சித்துப் பார்த்ததன் பின்னரே இதனை எழுதத் துணிந்தேன். ஏனெனில், இத்தகைய பொருளை வாங்கிய வாரத்திலேயே புகழ்ந்தோ இகழ்ந்தோ எழுதுவது, பந்தியில் இலை போட்டவுடனேயே சமையலுக்கு நற்சாட்சிப் பத்திரம் வழங்குவதற்கு ஒப்பாகும்.

தொட்டி 24 அங்குல நீளமும், அகலத்திலும் உயரத்திலும் 12 அங்குலமும் உடையது. 10 அங்குலத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 47 லீற்றர் நீர் கொள்கிறது. கண்ணாடியும் பருமணலும் நீரும் சேர்ந்து 60 கிலோவைத் தாண்டிவிடுவதால், ஆடும் மேசையில் இதனை வைக்க நினைப்பவர் அந்நினைப்பை விட்டுவிடுவது உத்தமம். நான் சீமெந்துத் திண்ணையில் வைத்தேன். கூடவே வந்தவை: விளிம்பில் தொங்கும் வடிகட்டி, காற்றுப் பம்பி, எல்இடி விளக்கு, வெப்பமூட்டி, நீரைச் சோதிக்கும் வர்ணத்தாள்கள், தவளை ஏறி அமர்வதற்கென ஒரு பிளாஸ்டிக் மிதவை. வெப்பமூட்டி அன்றே அலுமாரிக்குள் போயிற்று. சித்திரை வெயிலில் நீர் தானாகவே 31 பாகையைத் தொடும் ஊரில் அதற்கு என்ன வேலை?

இச்சாதனத்தில் விலைமதிக்கத்தக்க பாகம் எதுவென்று என்னைக் கேட்டால், அந்த அற்பமான வர்ணத்தாள்களையே காட்டுவேன். ஆறு என்று சொல்லத்தக்க ஒன்றுமில்லாத நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில், மழைநீர் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லினூடாகக் கசிந்திறங்கியே கிணற்றுக்கு வந்து சேர்கின்றது என்பதும், கேத்திலின் உட்புறத்தில் படியும் வெண்படலம் அதன் சாட்சி என்பதும் யாவரும் அறிந்தவை. தொட்டியின் நீர்மட்டத்திலும் இரண்டே வாரத்தில் அதே வெள்ளைக்கோடு விழுந்தது. நான் எதிர்பாராதது வேறொன்று. மீன் ஒன்றைக்கூட விடுமுன்னரே, கிணற்றிலிருந்து அள்ளிய நீரில் தோய்த்த தாள் நைத்திரேற்று இருப்பதைக் காட்டிற்று! மீனின் கழிவிலிருந்து அமோனியாவும், அதிலிருந்து நைத்திரைற்றும், ஈற்றில் நைத்திரேற்றும் நுண்ணுயிர்களால் உண்டாகும் என்றும், நைத்திரேற்று மிகும்போது புதுநீர் மாற்றுக என்றும் குறிப்புப் புத்தகம் உபதேசிக்கிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட உரத்தின் மிச்சம் இறங்கும் கிணற்றையுடையவனுக்கோ, புதுநீரே நைத்திரேற்றைக் கொண்டு வருகின்றது. ஆகையால் மாரியில் பிடித்து வைத்த மழைநீரைச் சரிபாதி கலந்தும், வேலம்பாசியை அடர்த்தியாக நட்டும் நிலைமையைச் சமாளித்தேன். நுண்ணுயிர்கள் வடிகட்டியில் ஸ்திரமாகக் குடியேற ஐந்து வாரம் பிடித்தது. அதுவரை வெறுந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை அத்தியாவசியம்.

மீன்களைப் பொறுத்தவரை, தேசாபிமானம் என்னைத் தவறான வழியில் நடத்திற்று. 1929ஆம் ஆண்டில் விலங்கியலாளர் தெரணியகல அவர்கள் விவரித்துப் பெயரிட்ட, இலங்கையின் தென்மேற்கு ஓடைகளுக்கே உரித்தான செரி பார்ப் என்னும் செந்நிறச் சிறுமீன் ஆறினை முதலில் விட்டேன். மென்மையான நீரில், மரநிழலில் வாழ்ந்து பழகிய அவை நமது நீரில் நிறம் மங்கி ஒன்றன்பின் ஒன்றாக ஒடுங்கின. ட்ரினிடாட்டையும் வெனிசுவேலாவையும் தாயகமாகக் கொண்ட கப்பியோ, சுண்ணாம்பு நீரைச் சொந்த நீராகப் பாவித்து, எட்டு மீன் நாற்பதாகப் பெருகிற்று. விட்ட நாளிலேயே நுளம்புக் குடம்பிகளை அவை ஒன்றும் மிச்சமின்றி உண்டதைக் கண்டபோது, கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் இம்மீனை விடும் வழக்கத்தின் நியாயம் விளங்கிற்று; 2016இல், மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு உறுதி வழங்கிய அதே ஆண்டில், நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் புதிய நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டதை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது.

தவளை விஷயத்தில் பெட்டியின் படம் பெரும்பாலும் பொய். முழுவாழ்நாளும் நீரிலேயே கழிக்கும் ஆபிரிக்கக் குள்ளத் தவளைகள் இரண்டினை விட்டேன். மிதவையை அவை ஏறெடுத்தும் பாரா. நுரையீரலால் சுவாசிப்பவையாதலால் அடிக்கடி மேலெழுந்து ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு மறுபடி மணலுக்கே இறங்கிவிடும். கண்பார்வை மந்தம்; இரை மூக்கருகே வந்தால்தான் தெரியும், அதற்குள் கப்பிகள் விழுங்கிவிடும். விளக்கை அணைத்துவிட்டு, நீண்ட கண்ணாடிக் குழாயால் புழுவை அவற்றின் வாயருகே இறக்குவதே நான் கண்ட உபாயம். தொங்கு வடிகட்டியின் உறிஞ்சுவாயில் ஒன்றின் கால் அகப்பட்டுக்கொண்ட இரவுக்குப் பின், அதனைக் கழற்றிவிட்டு, காற்றுப் பம்பியால் இயங்கும் கடற்பஞ்சு வடிகட்டியை வாங்கிப் பொருத்தினேன். மீனுக்கு நோய் கண்டால் உப்பிடும் பழக்கமும் இங்கே உதவாது. தோலால் நீரை உள்வாங்கும் தவளைக்கு உப்பும் செம்பு கலந்த மருந்தும் நஞ்சு. அலுத்துப்போனால் குளத்தில் விட்டுவிடலாம் என்று எண்ணுபவர் இவற்றை வாங்கவே கூடாது. பிறநாட்டுத் தவளைகளோடு வந்த தோற்பூஞ்சணத்தால் உலகின் பல பாகங்களில் உள்ளூர்த் தவளைகள் அழிந்திருக்கின்றன.

எனது அபிப்பிராயம் இதுதான்: கப்பி வளர்க்க விரும்புபவருக்குத் தொட்டியும் பம்பியும் விளக்கும் தாள்களும் போதும், எஞ்சியவற்றுக்குக் கொடுக்கும் பணம் வீண், தவளைக்கெனில் தனித்தொட்டி வேண்டும். விளக்கைப்பற்றி ஒரு வார்த்தை. அது மிகப் பிரகாசமானது. ஐப்பசி மழை தொடங்கியது முதல், அதன் ஒளிக்கு வரும் ஈசல்களையும் பூச்சிகளையும் நாடி, வளவிலிருந்து ஒரு தவளை படியேறி வந்து, திண்ணையின் அடியில் அமர்ந்து வயிறார உண்டுவிட்டு, விளக்கை அணைத்ததும் இறங்கிப் போய்விடுகிறது.