நம்மவர் குரலும் நடுநிலைக் குரலும்: அமெரிக்கப் பேஸ்பால் வர்ணனையில் சார்பு

முன்னுரை

அமெரிக்கப் பேஸ்பால் ரசிகர்களிடையே ‘ஹோமர்’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. மட்டையாளர் பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டு நான்கு தளங்களையும் சுற்றிவரும் ஹோம் ரன்னை அது குறிக்கும். தன் ஊர் அணியின் பக்கம் வெளிப்படையாகச் சாய்ந்து பேசும் வர்ணனையாளரையும் அதே சொல் குறிக்கும். முன்னதைக் காணவேண்டித் தொலைக்காட்சியின் முன் அமரும் ரசிகர், பின்னவரின் பேச்சைப் பொறுக்கமாட்டாமல் ஒலியை அணைத்துவிடுவதும் உண்டு.

வர்ணனையாளர் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறார் என்னும் மனக்குறையைத் தோற்றவரின் புலம்பல் என்று ஒதுக்குவது எளிது. இக்கட்டுரை அதனை ஒரு திறனாய்வுக் கருத்தாகவே எடுத்துக்கொள்கிறது. ரசிகர் சார்பைக் கண்டு சினம் கொள்கிறாரா, சார்பு மறைக்கப்படுவதைக் கண்டு சினம் கொள்கிறாரா? அவரை உறுத்துவது சொல்லப்பட்டதா, சொல்லாமல் விடப்பட்டதா? இவ்வினாக்களுக்குச் சில வர்ணனையாளர்களின் பணியை முன்வைத்து விடை தேட முற்படுகிறேன். பேஸ்பால் மட்டையை நான் கையால் தொட்டதில்லை. கிரிக்கெட் வர்ணனை கேட்டுப் பழகிய செவியுடனேயே பழைய பேஸ்பால் பதிவுகளை அணுகினேன் என்பதையும் இங்கே கூறிவிடல் வேண்டும்.

குரலும் கூலியும்

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை அந்தந்த வட்டாரத்திற்கென ஒளிபரப்பாகுபவை. ஆதலால் ஒரே ஆட்டத்திற்கு இரண்டு வர்ணனைக் குழுக்கள் அமைகின்றன. வர்ணனையாளருக்கு ஊதியம் தருவது அணி நிர்வாகமாக இருக்கலாம். அணியோடு உரிமை ஒப்பந்தம் கொண்ட நிலையமாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும் அணிக்கு வேண்டாதவர் அவ்விருக்கையில் நெடுநாள் நீடிப்பது அரிது. இறுதிச் சுற்றுகளில் மட்டும் நிலை மாறுகிறது. அங்கே நாடு முழுமைக்கும் பொதுவான தொலைக்காட்சி ஒளிபரப்பே உண்டு. வட்டாரக் குரல் வானொலியில் மட்டும் எஞ்சுகிறது.

பேஸ்பாலில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையிலான காத்திருப்பே மிகுதி. அவ்விடைவெளியைப் பேச்சே நிரப்புகிறது. ஆறு மாதம் மாலைதோறும் வீட்டுக்குள் ஒலிக்கும் குரல் நாளடைவில் உறவினர் குரல்போல் ஆகிவிடுகிறது. ரசிகரின் மனக்குறைக்கு இத்துணை அழுத்தம் வாய்ப்பதற்கு இந்நெருக்கமே காரணம் எனலாம்.

தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், எச்சம், முன்னம் ஆகியவற்றைச் செய்யுள் உறுப்புகளுள் வைத்து எண்ணுகிறது. பேசுவோர் யார், எவரை நோக்கிப் பேசுகிறார், எதனைச் சொல்லாமல் குறிப்பாக விடுகிறார், இன்னார் இன்னாருக்குச் சொல்கிறார் என்பது எதனால் புலப்படுகிறது என்னும் வினாக்களை இவை எழுப்புகின்றன. இவற்றை அயல்நாட்டு விளையாட்டொன்றின்மேல் ஏற்றுவது வலிந்த செயலாகத் தோன்றக்கூடும். ‘சார்பு’ என்னும் ஒற்றைச் சொல்லால் பிரித்துக் காட்ட இயலாத வேறுபாடுகளை இவை பிரித்துக் காட்டுகின்றன என்பதே இங்கு இவற்றைக் கையாள்வதற்கான காரணம்.

‘நல்லவர்கள்’

ஹாக் என்னும் பட்டப்பெயரால் அறியப்படும் கென் ஹாரெல்சன் 1963 முதல் 1971 வரை பேஸ்பால் ஆடியவர். சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் தொலைக்காட்சி வர்ணனையை 1982இல் தொடங்கி, இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, 2018 வரை செய்தார். இடைப்பட்ட 1986இல் அதே அணியின் பொது மேலாளராகவும் இருந்தார். அவருடைய சொல்லாட்சியில் ஒயிட் சாக்ஸ் வீரர்கள் ‘நல்லவர்கள்’. அவர்கள் அடித்த பந்து வேலியைத் தாண்டினால் குரல் உச்சத்திற்குச் செல்லும். எதிரணியினர் அடித்தால் அதே குரல் சோர்ந்து தாழும்.

2012இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் ஒவ்வோர் அணியின் ஒளிபரப்பிலிருந்தும் ஓர் ஆட்டத்தைக் கேட்டுச் சார்புடைய கூற்றுகளை எண்ணியது. தம் அணியை ‘நாம்’ என்று சுட்டுவது, வீரரைச் செல்லப்பெயரால் அழைப்பது, வெளிப்படையாக ஆரவாரிப்பது போன்றவை கணக்கில் கொள்ளப்பட்டன. ஒயிட் சாக்ஸ் ஒளிபரப்பு 104 கூற்றுகளுடன் முதலிடம் பெற்றது. இரண்டாம் இடத்தில் நின்ற கிளீவ்லாந்து ஒளிபரப்பில் 23 மட்டுமே. சில ஒளிபரப்புகளில் ஒன்றுகூட இல்லை. அதே ஆண்டு மே மாதம் டாம்பா பே அணியின் அரங்கில் நடந்த ஆட்டத்தில் ஒயிட் சாக்ஸ் பந்துவீச்சாளர் கின்டானாவை நடுவர் மார்க் வெக்னர் வெளியேற்றியபோது, ஹாரெல்சன் நடுவரை ஒளிபரப்பிலேயே கடுமையாகச் சாடினார். பேஸ்பால் ஆணையர் பட் செலிக் அவரை அழைத்துப் பேசும் அளவுக்கு அது சென்றது. எனினும் வர்ணனையாளர்க்குரிய உயரிய சிறப்பான ஃபோர்ட் ஃப்ரிக் விருது 2020ஆம் ஆண்டிற்கு அவருக்கே வழங்கப்பட்டது.

எதிரணி ரசிகருக்கு ஹாரெல்சனின் வர்ணனை எரிச்சல் ஊட்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவரை அது ஏமாற்றுவதில்லை. இன்னார் இன்னாருக்குச் சொல்கிறார் என்பது முதற்சொல்லிலேயே தெளிவாகிவிடுகிறது. கலிங்கத்துப்பரணியில் போர்க்களச் செய்தியைக் காளிக்கு எடுத்துரைக்கும் பேய் கலிங்கத்திலிருந்து வந்தது. தோற்ற நாட்டின் அழிவை அது களிப்போடு சொல்கிறது. கேட்பவளின் பசியே அக்கூற்றின் சுவையைத் தீர்மானிக்கிறது. ஹாரெல்சனின் வர்ணனையும் இவ்வகையினதே. சிகாகோவின் தென்பகுதியில் அமர்ந்திருக்கும் ஒரு பசிக்கு அவர் பரிமாறினார். அவரிடம் குறை காண வேண்டுமெனில் வேறோரிடத்தில் காணவேண்டும். பந்து எல்லைக்குள் வந்ததா இல்லையா என்பது விருப்பத்தைச் சார்ந்ததன்று. 2001இல் இஎஸ்பிஎன் நிலையம் அவ்வெல்லையைத் திரையில் கட்டமாக வரைந்து காட்டும் முறையைக் கொணர்ந்தது. பின்னர் அது எங்கும் பரவியது. அதன்பின் ரசிகரின் கண் ஒன்றைக் காண, வர்ணனையாளரின் வாய் வேறொன்றைச் சொல்லும் கணங்கள் பெருகின. ‘நல்லவர்கள்’ என்பதைப் பொறுத்துக்கொள்ளும் ரசிகர்கூட இதனைப் பொறுப்பதில்லை. அவர் பொறுக்கவும் வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

413

மேற்கூறிய எண்ணிக்கை முறையில் அடிப்படைக் குறையொன்று உண்டு. அது சொல்லப்பட்டதை மட்டுமே எண்ணுகிறது. சொல்லாமல் விடப்படுவதில் தங்கும் சார்பு அதன் கணக்கில் அகப்படாது.

ரெட் பார்பர் 1939 முதல் 1953 வரை புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கும், பின்னர் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கும் வர்ணனை செய்தவர். வர்ணனையாளர் எந்த அணிக்காகவும் ஆரவாரிக்கலாகாது என்பது அவருடைய கொள்கை. வானொலிக் காலத்தில் முட்டை வேகவைக்கப் பயன்படும் மூன்று நிமிட மணற்கடிகாரத்தை அவர் தம் அருகில் வைத்துக்கொள்வார். மணல் தீர்ந்ததும் ஆட்டத்தின் நிலவரத்தை மீண்டும் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். சற்று முன்னர்தான் வானொலியைத் திருப்பியவருக்கும் எண்ணிக்கை தெரியவேண்டும் என்பதே நோக்கம். கேட்போர் மீது கொண்ட இவ்வக்கறைக்கு நிகரானதை வேறெவரிடத்தும் நான் காணவில்லை.

1966ஆம் ஆண்டு யாங்கீஸ் அணி பட்டியலின் கடைசி இடத்தில் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள், 60,000க்கு மேற்பட்டோர் அமரக்கூடிய யாங்கீ அரங்கில், நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர்கள் 413 பேர். காலியான இருக்கைகளைக் காட்டுமாறு பார்பர் படக்கருவிப் பொறுப்பாளர்களைக் கேட்டார். கருவி திரும்பவில்லை. அன்றைய செய்தி ஆட்டத்தில் இல்லை, வராத கூட்டத்தில்தான் இருக்கிறது என்பதை அவர் ஒளிபரப்பிலேயே கூறினார். சில நாள்களில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாது எனத் தெரிவிக்கப்பட்டது. அம்முடிவு முன்பே எடுக்கப்பட்டிருந்தது என்று கூறுவாரும் உளர். அது எவ்வாறாயினும், அன்று தொலைக்காட்சியின் முன் இருந்த ரசிகருக்கு ஒரு காட்சி மறுக்கப்பட்டது என்பது மாறாது. ‘நாம்’ என்னும் சொல் ஒருமுறையும் ஒலிக்காமலே அவ்வொளிபரப்பு ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்தும் இந்நிலை முற்றாக மாறவில்லை. 2023 ஜூலையில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் வர்ணனையாளர் கெவின் பிரவுன், ஆட்டத்திற்கு முந்தைய நிகழ்ச்சியில் ஒரு புள்ளிவிவரத்தை விளக்கினார். முந்தைய ஆண்டுகளில் டாம்பா பே அணியின் அரங்கில் அணி பெரிதும் தோற்றது, இவ்வாண்டு நிலை மாறியிருக்கிறது என்பதே அதன் சாரம். உண்மையில் அது அணிக்குப் பாராட்டு. ஆயினும் அதன் பொருட்டு அவர் வர்ணனையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார் என்னும் செய்தி ஆகஸ்டில் வெளியாயிற்று. அந்நிலையத்தின் பெரும்பங்கு அப்போது ஓரியோல்ஸ் அணிக்கே உரியதாக இருந்தது என்பது கருதத்தக்கது. பிற அணிகளின் வர்ணனையாளர்கள் தம் ஒளிபரப்புகளிலேயே இதனைக் கண்டித்தனர். அடுத்த சில நாள்களில் பிரவுன் பணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு ஓரியோல்ஸ் 101 ஆட்டங்களில் வென்றது. வென்றுகொண்டிருந்த அணிக்கே பழைய தோல்வியின் நினைவு கசந்தது எனின், தோற்கும் அணிகளின் வர்ணனையாளர்கள் எத்தனை செய்திகளைத் தாமே விழுங்கிக்கொள்வர் என எண்ணத் தோன்றுகிறது. ரசிகர் ‘ஒருதலைப்பட்சம்’ என்று குறைகூறும்போது வர்ணனையாளரின் மனச்சாய்வையே சுட்டுகிறார். அவர் சுட்டவேண்டிய இடம் பல வேளைகளில் வர்ணனை அறைக்கு வெளியே இருக்கிறது.

எல்லா மௌனமும் இத்தகையதன்று. பார்பரிடம் பயின்ற வின் ஸ்கல்லி 1950 முதல் 2016 வரை 67 பருவங்கள் டாட்ஜர்ஸ் அணியின் குரலாக விளங்கினார். 1988 அக்டோபர் 15ஆம் நாள் வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டத்தை அவர் என்பிசி நிலையத்திற்காக நாடு முழுமைக்கும் வர்ணித்தார்; ஆடியது அவருடைய டாட்ஜர்ஸ் அணியே. கடைசி இன்னிங்ஸில், இருவர் ஆட்டமிழந்த நிலையில், நொண்டியபடி வந்த கர்க் கிப்சன் வெற்றி ஹோம் ரன்னை அடித்தார். பந்து போயிற்று என்று அறிவித்த ஸ்கல்லி ஒரு நிமிடத்திற்கு மேல் வாய் திறக்கவில்லை. அரங்கின் ஆரவாரம் மட்டுமே ஒலித்தது. அப்பதிவைக் கேட்கும் ஓக்லாந்து ரசிகரும் தம் தோல்வியைத் தம் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். வேறொருவர் மகிழ்ச்சியின் வழியாக அதனைக் காணவேண்டிய நிலை அவருக்கு இல்லை.

தேசியக் குரல்

வட்டார வர்ணனையாளர்மேல் எழும் மனக்குறையைவிட விந்தையானது நாடு தழுவிய ஒளிபரப்பின்மேல் எழுவது. ஃபாக்ஸ் நிலையத்திற்காக 1996 தொடங்கி 2021 வரை பல வேர்ல்ட் சீரிஸ் தொடர்களை வர்ணித்தவர் ஜோ பக். தம் அணியை அவர் வெறுக்கிறார் என இரு தரப்பு ரசிகரும் ஒரே தொடரில் குற்றம் சாட்டுவது வழக்கமாகவே இருந்தது.

இதற்கு உளவியல் தரும் விளக்கம் உண்டு. 1951இல் டார்ட்மத், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த கரடுமுரடான கால்பந்தாட்டம் ஒன்றின் படத்தை ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்னும் ஆய்வாளர்கள் இரு பல்கலைக்கழக மாணவருக்கும் காட்டினர். டார்ட்மத் அணி செய்த விதிமீறல்களை டார்ட்மத் மாணவர் கண்டதைப்போல் இரு மடங்குக்கும் மேலாகப் பிரின்ஸ்டன் மாணவர் கண்டனர். 1954இல் வெளியான இவ்வாய்வைச் சுட்டி, சார்பு காண்பவர் கண்ணிலேயே இருக்கிறது என வாதிடலாம். இவ்விளக்கம் உண்மையே. ஆயின் இது பாதி வழியில் நின்றுவிடுகிறது.

2014 வேர்ல்ட் சீரிஸை எடுத்துக்கொள்வோம். கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணி 29 ஆண்டுகளுக்குப் பின் அத்தொடரை எட்டியிருந்தது. சான் பிரான்சிஸ்கோ அணியின் மேடிசன் பம்கார்னர் இரண்டே நாள் ஓய்வுக்குப் பின் ஏழாம் ஆட்டத்தில் இடையில் இறங்கி ஐந்து இன்னிங்ஸ் வீசி 3-2 என்னும் வெற்றியைக் காத்தார். நாடு தழுவிய ஒளிபரப்பு அவரைப் புகழ்ந்தது. புகழாதிருப்பின் அதுவே பிழையாகியிருக்கும். எனினும் கான்சாஸ் சிட்டி ரசிகர் சினந்தனர். அவர்களுக்கு அன்றைய ஆட்டம் 29 ஆண்டுக் காத்திருப்பின் கதை. கடைசி மட்டையாளர் நின்றபோது அலெக்ஸ் கார்டன் மூன்றாம் தளத்தில், சமன் செய்ய 90 அடித் தொலைவில், காத்திருந்தார் என்பதே அக்கதையின் உச்சம். பக் சொன்னது பம்கார்னரின் கதை. இரண்டும் மெய்யே. ஒருவர் கதையின் நாயகர் மற்றவர் கதையில் இடையூறாக வருகிறார். 162 ஆட்டங்கள் தம்மை நோக்கியே பேசிய குரலுக்குப் பழகியவர், அக்டோபரில் தம்மைப் பலருள் ஒருவராக மட்டும் கருதும் குரலைக் கேட்கிறார். கேட்போர் என்னும் இடத்திலிருந்து தாம் விலக்கப்பட்டதை அவர் உணர்கிறார். அவ்விழப்பைச் சுட்ட அவரிடம் வேறு சொல் இல்லாமையால் ‘சார்பு’ என்கிறார்.

இத்தகைய ரசிகர் பலர் கையாளும் வழி ஒன்று உண்டு. தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிட்டு, தம் ஊர் வானொலி வர்ணனையை அருகில் வைத்துக்கொள்வர். இன்றைய தொலைக்காட்சிப் படம் பெரும்பாலும் வானொலிக்குச் சில நொடிகள் பின்தங்கியே வரும். ஆகவே பந்துவீச்சாளர் திரையில் இன்னும் கையை உயர்த்தாத நிலையில், அப்பந்து என்னவாயிற்று என்பதைப் பழகிய குரல் அவருக்குச் சொல்லி முடித்திருக்கும். ஆட்டத்தின் வியப்பு கெடுகிறது என்பதை அறிந்தே அவர்கள் அவ்வாறு கேட்கின்றனர்.