விண்வெளி நகையும் காண்போர் தீர்ப்பும்

ஒரே தொடரைக் கண்ட இரு சாரார் முற்றும் மாறுபட்ட தீர்ப்பு வழங்குவரேல், அத்தீர்ப்புகள் எவ்வாறு பிறந்தன என ஆராய்தல் திறனாய்வாளன் கடனாம். ஐக்கிய அமெரிக்காவில் ‘த ஓர்வில்’ என்னும் விண்வெளித் தொலைக்காட்சித் தொடருக்கு நேர்ந்தது இதுவே. 2017 ஆம் ஆண்டு செப்டெம்பர் 10 ஆம் நாள் பொக்ஸ் ஒளிபரப்பு நிறுவனத்தில் தொடங்கிய அதன் முதற் பருவத்தைப் பத்திரிகைத் திறனாய்வாளருள் நூற்றுக்கு 30 அளவினரே நன்றென்றனர். மதிப்பீடுகளைத் திரட்டும் ‘றொட்டன் ரொமாற்றோஸ்’ நிறுவனத்திடம் தம் கருத்தைப் பதிந்த பார்வையாளருள்ளோ நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோர் அதனைப் போற்றினர்.

இம்முரணுக்கு முதற்காரணம் எதிர்பார்ப்பே. தொடரை ஆக்கி, கலத்தலைவன் எட் மேர்சராக நடித்தவர் சேத் மக்பார்லேன். ‘பமிலி கை’ என்னும் கேலிச்சித்திரத் தொடரால் 1999 முதல் பெயர் பெற்ற அவரிடமிருந்து, ‘ஸ்ரார் ட்ரெக்’ தொடரை எள்ளி நகையாடும் கூத்தொன்றையே பலரும் எதிர்பார்த்தனர். முன்னோட்ட விளம்பரங்களும் அவ்வாறே பறைசாற்றின. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் நிகழும் கதையில், மணமுறிவால் மனமுடைந்த ஒருவன் விண்கலமொன்றின் தலைமையை ஏற்கிறான். அவனுக்குத் துணைத்தலைவியாக வந்து சேர்பவள் அவன் பிரிந்த மனைவி கெலி கிரேசன். நகைக்கூத்துக்கு இதனினும் வாய்ப்பான தொடக்கம் வேண்டுவதில்லை. ஆயின் மூன்றாம் பகுதியிலேயே கதை வேறு திசையிற் செல்கின்றது. தம்முள் ஆண்களேயன்றிப் பெண்கள் இலர் என நம்பும் மொக்லன் இனத்தவனாகிய போர்ட்டஸ் என்னும் அலுவலனுக்குப் பெண்மகவு பிறக்கிறது. அதனை ஆணாக்கும் அறுவையைத் தடுக்கக் கலத்தார் வழக்காடித் தோற்கின்றனர். ஆணினம் அறிவில் மேம்பட்டதன்று என்பதை நிறுவ, கெலி சாட்சிக் கூண்டில் ஏற்றுவது கலத்தின் பகடிக்காரனாகிய கோர்டன் மலோயை. அவன் விடைகளைக் கேட்டு நாம் நகைக்கிறோம். அந்நகையே வாதமாகி நிற்கின்றது. தொடக்கத்துச் சில பகுதிகளை மட்டும் கண்டு எழுதியோர், இது நகைக்கூத்தோ விழுமிய கதையோ எனத் தெளியவில்லை என்று குறை கூறினர். அத்தெளிவின்மையிலேயே தொடரின் உயிர் உளது என்பதை அவர் கண்டிலர்.

எனினும், போற்றிய பார்வையாளர் அனைவரும் கலை நயம் கண்டே போற்றினர் என்றல் இயலாது. அதே செப்டெம்பர் 24 ஆம் நாள் ‘ஸ்ரார் ட்ரெக்: டிஸ்கவரி’ என்னும் புதுத்தொடர் தொடங்கிற்று. போரும் இருளும் மிக்க அத்தொடரால் ஏமாற்றமுற்ற பழைய அன்பர், 1987 முதல் 1994 வரை தாம் கண்டு களித்த ஸ்ரார் ட்ரெக்கின் ஒளியையும் நன்னம்பிக்கையையும் ஓர்வில் கலத்திற் கண்டு அங்குக் குடியேறினர். அக்காலத் தொடரின் எழுத்தாளர் பிரானன் பிராகா இங்கும் தயாரிப்பாளருள் ஒருவர். அதில் நடித்த ஜொனதன் பிறேக்ஸ் இங்குச் சில பகுதிகளை இயக்கினார். ஆகவே அன்பர் அளித்த புகழிற் பாதி பழைய நினைவுக்குச் செலுத்திய காணிக்கை என்பது எம் கருத்து. பிடிக்காதோர் இடையில் விலகிவிட, நிலைத்தோரே வாக்களிப்பர் என்பதையும் மறத்தலாகாது.

நகையிலும் பதருண்டு. நானூறு ஆண்டு கடந்த மாந்தர், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கத் திரைப்படங்களையும் பாடல்களையும் அன்றிப் பிறிதொன்றும் அறியாதார் போன்று ஓயாது அவற்றையே சுட்டி நகையாடுதல் சலிப்பூட்டுகிறது. போர்ட்டஸின் இனத்தார் ஆண்டுக்கொருமுறை மட்டும் சிறுநீர் கழிப்பதைச் சடங்காக்கி, அதனைச் சுற்றி ஒரு பகுதி முழுவதையும் அமைத்தமை பற்றி இம்மலரில் விரித்தெழுதுதல் தகாது.

மற்றொரு வகை நகையே நம் கருத்துக்குரியது. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்து, எள்ளலோடு பேதைமையையும் அதன் நிலைக்களனாகக் கொள்ளும். கலத்திலுள்ள ஐசக் என்னும் இயந்திர மனிதனின் நகை பேதைமை நகை. குறும்பு என்பது யாது எனக் கற்கத் தலைப்பட்ட அவன், கோர்டன் உறங்கும்போது அவனுடைய கால் ஒன்றை வெட்டி மறைத்து, இதுவும் குறும்பே எனக் கருதுகிறான். மருத்துவர் புதுக்கால் வளர்க்க, வெட்டுண்ட கால் பின்னொரு கால் கூரையினின்று வீழ்கிறது. வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். ஆனால் 2019 பெப்ரவரியில் இரு பகுதிகளாக வந்த ‘ஐடென்டிற்றி’ என்னும் கதையில், தம்மைப் படைத்தோரை அழித்த இயந்திர இனத்தின் ஒற்றனே ஐசக் என்பது வெளிப்படுகின்றது. பிறர் நோவு அறியாமை அன்று நகைக்குப் பொருளாயிற்று. இன்று அச்சத்துக்குப் பொருளாகின்றது. கால் வெட்டிய காட்சியை நகையென்று தள்ளியவர் இவ்வச்சத்தின் வேரை இழந்தார்.

இனி, வாக்கெண்ணிக்கை பற்றி இத்தொடரே ஒரு தீர்ப்புரைத்தமை வியப்புக்குரியது. 2017 ஒக்ரோபர் 26 இல் ஒளிபரப்பாகிய ‘மெஜோரிற்றி றூல்’ என்னும் பகுதியில் வரும் உலகத்தில் நீதிமன்றம் இல்லை. மக்கள் யாவரும் மேலம்பு, கீழம்பு பொறித்த முத்திரையை மார்பில் அணிகின்றனர். கண்டவர் தொட்டு வாக்களிப்பர். சிலையொன்றோடு நாணமின்றி ஆடிய லாமார் என்பவன் தொலைக்காட்சி தோறும் மன்னிப்புக் கேட்டு அலைகிறான். கீழ்வாக்கு 10 மில்லியனைத் தொடின், அவனது மூளையையே மாற்றிவிடுவர். ஐசக் கற்பனைச் செய்திகளைப் பரப்பி மக்கள் இரக்கத்தை விலைக்கு வாங்குவது போற் பெற்று அவனைக் காக்கிறான். குற்றம் ஆராயப்படவேயில்லை என்பதைக் கருதுக. இதனைக் கண்டு சிரித்தோரும் தம் விருப்பையும் வெறுப்பையும் நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கிற் சேர்த்தனர்; இகழ்ந்த திறனாய்வாளரின் கட்டுரைகளும் அதே கணக்கில் ஓர் எண்ணாகச் சுருங்கின. அவ்வெண் எத்துணைப் பேர் விரும்பினர் என்பதைக் கூறும். எதனை, எவ்வளவு, ஏன் என்பவற்றைக் கூறாது. இரண்டாம் பருவத்தில் திறனாய்வாளர் எண்ணும் நூற்றுக்கு 100 ஆயிற்று. எழுதினோர் தொகை மிகக் குறைந்திருந்தது என்பதை அவ்வெண் சொல்வதில்லை.

மூன்றாம் பருவம் ஹூலு நிறுவனத்தின் வாயிலாக 2022 ஜூன் 2 இல் தொடங்கியபோது நகை பெரிதும் அருகிவிட்டது; பகுதிகள் ஒரு மணி நேரத்தையும் கடந்து நீண்டன. முன்னர் நகை மிகையென்றோர் மகிழ்ந்தனர். நகைக்காகவே வந்தோர் முணுமுணுத்தனர். இருவர் கூற்றிலும் பாதி உண்மையே உளது. அப்பருவத்தில் எம்மை மிக வருத்திய கதை பகடிக்காரன் கோர்டனுடையதே. 2015 ஆம் ஆண்டுக்குத் தூக்கியெறியப்பட்ட அவன், மீட்பார் வாராமையால் மணந்து மகவும் பெற்று வாழ்கிறான். பத்தாண்டு கழித்துத் தேடி வந்த நண்பர் எட்டும் கெலியும் அவன் மறுத்தும் கேளாராய், காலத்திற் பின்சென்று, மணத்துக்கு முன்னுள்ள கோர்டனை மீட்டுக் கொணர்கின்றனர், அக்குடும்பம் இல்லாதொழிகின்றது. மீட்கப்பட்டவனோ அவர்தம் செயலை ஏற்று நன்றி கூறுகிறான். நண்பர் செய்தது அறமா, கொலையா என்று பார்வையாளர் கடுமையாக வாதிட்டனர். நான்கு பருவமும் கோர்டனோடு சிரித்திராதார்க்கு அவ்வாதம் தோன்றியிராது எனச் சொல்ல விழைவேன். ஆயின் பருவம் மூன்றே. அம்மூன்றில் அடங்கிய 36 பகுதிகளுள் அவன் வாய் திறந்த இடமெல்லாம் நாம் நகைத்தோம். மனைவியையும் மைந்தனையும் அணைத்தவாறு, தன்னை விட்டுப் போகுமாறு அவன் நண்பரைக் கெஞ்சிய இடத்தில் நகைக்க ஒருவருமிலர்.