நகைப்பும் நினைவும்: சமூக ஊடக எள்ளலில் வரலாறு

துயர் நிறைந்த வரலாற்றை நகைச்சுவையால் அணுகலாமா என்னும் வினா பழையது. இன்று அது நம் இளைஞரின் கைப்பேசி வழியே திருச்சபையின் வாயிலில் வந்து நிற்கிறது. 'மீம்' எனப்படும் எள்ளற்படங்களை இளைஞர் கூட்டங்களிலும் அருளுரைகளிலும் எடுத்தாளும் ஆயர்களும் உளர். ஆதலின் இவற்றைத் திறனாய்ந்து நோக்குதல் நம் கடனாகிறது.

2006-ஆம் ஆண்டு சிம்புதேவன் இயக்கத்தில் வடிவேலு இரட்டை வேடமேற்ற 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி' இவ்வகைப் படங்களுக்கு வற்றாத ஊற்று. திரண்ட தோளுடைய உடலொன்றின்மேல் தன் முகத்தைத் தீட்டச் செய்யும் மன்னன், வரலாற்றின் முக்கியத்துவத்தை அமைச்சருக்கு உணர்த்தும் காட்சியை அறியாதார் சிலரே. அங்கே சிரிப்பு பொய்யுரைக்கும் அரசனை நோக்கியது. ஆவணத்தை எழுதுவித்தவர் யார் என வினவத் தூண்டுவதால் அது நல்லதொரு வரலாற்றுப் பாடமுமாகும். ஆயின் கதையினின்று பிரித்து ஒற்றைப் படமாக்கும்போது, யாரையும் எள்ள உதவும் பொதுக் கருவியாக அது மாறிவிடுகிறது.

நெரவியை எடுத்துக்கொள்வோம். காரைக்காலை அடுத்த இச்சிற்றூரைச் சேர்த்து அப்பகுதி முழுவதையும் சமூக ஊடகம் பெரும்பாலும் மலிந்த மதுவின் நாடாகவே சித்திரிக்கிறது. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்றது புட்டி ஒன்றே என்பது போன்ற எள்ளல் அது. ஆனால் 1739-இல் பிரெஞ்சியர் கைக்கு வந்த காரைக்கால், ஒப்பந்தக் கூலிகள் கடல் கடந்த துறைமுகங்களுள் ஒன்று. 1861-ஆம் ஆண்டின் ஆங்கில–பிரெஞ்சு உடன்படிக்கை அவ்வாள்சேர்ப்புக்கு வழி வகுத்தது. கொடுமைகள் பெருகவே, ரீயூனியன் தீவிற்கு ஆளனுப்புவதை ஆங்கில அரசு 1882-இல் நிறுத்தியது. அங்குச் சென்றோரின் வழித்தோன்றல்கள் இன்றும் 'மலபார்கள்' எனப்படுகின்றனர். 1954-இல் நிகழ்ந்த ஆட்சி மாற்றமும் 1962-இல் அது சட்டப்படி நிறைவெய்தியதும் இவ்வூராரின் குடியுரிமையையே மாற்றியமைத்தன. இவை யாவும் ஒரு புட்டிக்குள் அடைபடும்போது நகைப்பு மறதியின் ஊழியனாகிறது. குடியால் சிதையும் இல்லங்களின் கண்ணீரும் அப்படத்தில் இடம்பெறுவதில்லை.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. பெர்லினில் 2005-இல் திறக்கப்பட்ட யூதப் படுகொலை நினைவிடத்தில் 2,711 கற்காரைத் தூண்கள் உள்ளன. அவற்றின்மேல் குதித்தும் குறும்பாக நின்றும் சிலர் எடுத்து வெளியிட்ட தற்படங்களை, 2017-இல் ஷாஹக் ஷாபிரா என்னும் அங்கதக் கலைஞர் வதைமுகாம்களின் உண்மைப் படங்களோடு இணைத்துக் காட்டினார். சிரித்தவர் நாணினர், வருந்தியவர் கேட்டுக்கொண்டபோது அவர் படங்களை நீக்கினார். எள்ளல் நினைவை மீட்டது. மனந்திரும்பியவருக்கு வழியும் விட்டது. எனினும் பலியானோரின் படங்களையே கருவியாக்கியது தகுமோ என்னும் ஐயம் நமக்கு எஞ்சி நிற்கிறது.

திருமறை நகைப்பை விலக்கவில்லை. யோதாம் முட்செடியின் கதையால் அபிமெலேக்கின் அரசாட்சியை எள்ளினான் (நியாயாதிபதிகள் 9). கர்மேலில் எலியா பாகாலின் தீர்க்கதரிசிகளைப் பரியாசம் செய்தான் (1 இராஜாக்கள் 18). இவர்கள் அதிகாரத்தை நோக்கி நகைத்தனர். ஆனால் சிறைப்பட்டோரிடம் களிப்பை வேண்டிய பாபிலோனியரின் நகைப்பையும் (சங்கீதம் 137), நம் ஆண்டவருக்கு முள்முடி சூட்டிய போர்வீரரின் நகைப்பையும் (மாற்கு 15) அதே திருமறை நம்முன் வைக்கிறது. அவ்வீரரின் கூட்டமும் ஓர் எள்ளற்படத்தையே உருவாக்கியது: சிவப்பங்கி, முடி, மண்டியிடுதல். எள்ளப்பட்டவர் மெய்யாகவே அரசர் என்பதை எள்ளியவர் அறியவில்லை. சிலுவையின் அடியில் நிற்கும் திருச்சபை, எந்தச் சிரிப்பையும் எள்ளப்படுபவரின் பக்கமிருந்தே கேட்கக் கடமைப்பட்டுள்ளது.

எனவே ஓர் எள்ளற்படத்தை எடுத்தாளுமுன் ஆயர் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். நகைப்பு வலியவரை நோக்கியதா, நலிந்தவரை நோக்கியதா? படத்தைக் கண்டவர் அவ்வரலாற்றை மேலும் அறிய விழைவாரா, அறிந்துவிட்டதாக எண்ணி அமைவாரா? அத்துயரத்திற்கு ஆளானோரின் பேரப்பிள்ளை நம் சபையில் அமர்ந்திருந்தால், அதனை அவர் முன்னிலையில் காட்டத் துணிவோமா? மூன்றாம் வினா வெறும் கற்பனையன்று. இக்கடற்கரையின் சபைகளில் கடல் கடந்தோரின் உறவினர் இருக்கக்கூடும். அவர்கள் வாய்மொழியாக அறிந்ததைக் கேட்டு எழுதிவைத்தபின் சிரிப்பதாயின், அச்சிரிப்பில் பொய் இராது.