எதை முதலில் பார்ப்பது?

லோகேஷ் கனகராஜின் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது என்பது ரசிகர்களின் வெட்டிப்பேச்சு போலத் தெரியலாம். அப்படி ஒதுக்கிவிட முடியாது. எதை முதலில் வைக்கிறோமோ அதன் கண்ணால்தான் மற்றதைப் பார்க்கப்போகிறோம். வரிசை என்பதும் ஒரு வாசிப்பு. அதில் அதிகாரம் இருக்கிறது.

மார்வெல் படங்களில் இது பளிச்சென்று தெரியும். 2008இல் வெளியான ‘அயர்ன் மேன்’, தான் விற்ற ஆயுதமே தன்மேல் பாய்வதைக் காணும் வியாபாரியிடமிருந்து தொடங்குகிறது. 2011இல் வந்த முதல் ‘கேப்டன் அமெரிக்கா’வின் கதை இரண்டாம் உலகப்போரில் நடக்கிறது. கதைக்காலப்படி அடுக்கினால் அது முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆயுத வியாபாரம் பற்றிய சந்தேகம் பின்னே போய், நல்ல சிப்பாயின் தேசபக்தி ஆதியாகிவிடும். படங்கள் அதேதான், பிரதி வேறு.

நம்மூர்ச் சிக்கல் இன்னும் சுவாரசியமானது. ‘கைதி’ 2019, ‘விக்ரம்’ 2022, ‘லியோ’ 2023. இவற்றுக்கு முன்னால், சுஜாதா கதை எழுதி ராஜசேகர் இயக்கிய 1986ஆம் வருட ‘விக்ரம்’ இருக்கிறது. கடத்தப்பட்ட ஏவுகணையை மீட்கும் அரசாங்க உளவாளியின் கதை. கதைக்காலப்படி பார்த்தாலும் வெளியான தேதிப்படி பார்த்தாலும் அதுதான் முதல். ஆக, இரண்டு கட்சியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: ஆதியில் உளவாளி இருந்தான்!

ஆனால் 1986இல் அந்தப் படத்துக்கு இப்படியொரு குடும்பமே கிடையாது. 2022இல்தான் அதைத் தத்தெடுத்தார்கள். தத்துப்பிள்ளையை மூத்த பிள்ளையாக்குவது யாருக்கு வசதி? ‘கைதி’யில் மையம் டில்லி. தண்டனை முடிந்து வந்தவன், இதுவரை பார்த்திராத மகளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கோரிக்கை. போலீஸ் அவனை ஒரு ராத்திரிக்கு லாரி ஓட்ட வைக்கிறது. கமிஷனர் அலுவலகத்தைக் காப்பாற்றுவதுகூடப் புதிதாக மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் நெப்போலியனும் சில மாணவர்களும்தான். ‘விக்ரம்’ 2022இலோ மையம் அரசின் ரகசியப் படைக்கு நகர்கிறது. டில்லி ஓரத்தில் அடிபடும் பெயராகிறான். உளவாளியிலிருந்து தொடங்கினால் கைதி வெறும் துணைக்கதை. கைதியிலிருந்து தொடங்கினால், ஒரு தகப்பனின் கதையை அரசின் கதை எப்படி விழுங்குகிறது என்பதை நம் கண்ணெதிரே பார்க்கலாம்.

திருநீர்மலையில் பெருமாள் நான்கு கோலம். நின்ற நீர்வண்ணர் அடிவாரத்தில். இருந்த நரசிம்மர், கிடந்த அரங்கநாதர், நடந்த உலகளந்தவர் மலைமேல். நரசிம்மம் முந்தியா வாமனம் முந்தியா என்று அவதாரக் கணக்குப் போட்டுக்கொண்டு யாரும் படியேறுவதில்லை. கால் நிற்கிற இடத்திலிருந்துதான் தரிசனம் தொடங்குகிறது. சினிமாவுக்கும் அடிவாரம் உண்டு. இங்கே அது டில்லி நிற்கிற இடம்.

எனவே என் வரிசை: ‘கைதி’, 2022 ‘விக்ரம்’, ‘லியோ’, கடைசியில் 1986 ‘விக்ரம்’. படம் எப்போது வந்தது என்பதல்ல, எப்போது இந்தக் கூட்டத்தில் சேர்க்கப்பட்டது என்பதே கணக்கு. பழைய படத்தைக் கடைசியில் பார்த்தால், அது மற்றவற்றின் மூலம் அல்ல, பின்னாளில் வேண்டி எடுத்துக்கொண்ட பூர்வீகம் என்பது புரியும். பூர்வீகங்கள் பெரும்பாலும் அப்படித்தான் உண்டாகின்றன. சினிமாவில் மட்டுமா?