வாசனையும் ஆளுமையும்: ஷாலிமாரை முன்வைத்து

தமிழில் வாசனையைப் பற்றி விமர்சனம் கிடையாது. ஆனால் விமர்சனத்தில் வாசனை ஏராளம். ஒரு நாவலில் பத்து வட்டார வழக்குச் சொற்கள் அகப்பட்டால் போதும், 'மண்வாசனை கமழ்கிறது' என்று எழுதிவிட்டு நாம் எழுந்துபோய்விடுகிறோம். எந்த மண், மழைக்கு முன்பா பின்பா, கரிசலா செம்மண்ணா என்று யாரும் கேட்பதில்லை. மூக்கின் அனுபவத்தைச் சொல்ல வந்த வார்த்தை மூக்கையே மறந்துபோய்விட்டது. அனுபவத்தைப் பகுத்துப் பார்க்கச் சோம்பல்படுகிறவன் கையில் எந்த வார்த்தையும் இப்படித்தான் பாராட்டுச் சீட்டாக மாறும். எனவே நிஜமாகவே வாசனையாக மட்டும் இருக்கிற ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதை ஒரு கவிதையைப் படிப்பதுபோலப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

நான் எடுத்துக்கொள்வது ஷாலிமார். பாரிஸின் கெர்லேன் நிறுவனத்துக்காக ழாக் கெர்லேன் செய்தது, 1925ல் வெளிவந்தது. இதமான சூடும் இனிப்பும் அடியில் புகையும் கொண்ட 'ஆம்பர்' வகை வாசனைகளுக்கு இன்றுவரை இதையே முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். இந்த வகையைப் பற்றிப் பேசும் எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி: இது எந்த ஆளுமைக்குப் பொருந்தும்? பதிலும் தயார். மர்மமானவள், வேட்கை மிகுந்தவள், இரவுக்குரியவள். நம் விமர்சனமும் இதே கேள்வியைத்தான் வேறு பெயரில் கேட்டுக்கொண்டிருக்கிறது. கவிதையை விட்டுவிட்டுக் கவிஞனின் ஆளுமையைத் துழாவுகிறோம். எனவே வாசனை ஒரு சாக்கு அல்ல, விஷயமே இதுதான்.

முதலில் பெயர். ஆம்பர் என்ற பெயரில் உலகில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று திமிங்கிலத்தின் குடலில் விளைந்து கடலில் மிதக்கும் கட்டி. நம் அகராதிகள் மீனம்பர் என்கின்றன. அதைக் கடத்தியவர்கள் கைது என்று தினசரிகளில் அவ்வப்போது செய்தி வரும். இரண்டாவது, பால்டிக் கடலோரத்தில் கிடைக்கும், கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முந்திய மரப்பிசின் கல், மணிமாலை செய்வார்கள். சும்மா வைத்திருந்தால் அதற்கு வாசனை என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை. மூன்றாவது, வாசனை செய்பவர்கள் ஆம்பர் என்று சொல்வது. இது திமிங்கிலமும் அல்ல, கல்லும் அல்ல. லாப்டானம் என்னும் மத்தியதரைக் கடற்கரைப் புதர்ப் பிசின், சாம்பிராணி, வானிலா மூன்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு சேர்க்கை. அதாவது எங்கேயும் இல்லாத ஒரு பொருளின் வாசனை. ரோஜா அத்தரை முகர்ந்து ரோஜாவோடு ஒப்பிட்டுக் குறை சொல்லலாம். ஆம்பரை எதனோடும் ஒப்பிட முடியாது. அது எதையும் பிரதி பண்ணவில்லை. தனக்கு முன் இல்லாத ஒன்றைத் தன் சேர்க்கையாலேயே உண்டாக்கி, பிறகு அது என்றைக்கும் இருந்ததுபோல நம்ப வைக்கிறது. நல்ல கவிதைக்கு இதைவிடக் கறாரான லட்சணம் எனக்குத் தெரியவில்லை.

இதில் மண்வாசனைக்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஷாலிமாரின் இனிப்பு காட்டிலிருந்து வந்ததல்ல, சோதனைச்சாலையிலிருந்து வந்தது. 1874ல் டீமன், ஹார்மன் என்ற இரு ஜெர்மானியர்கள் ஊசியிலை மரத்தின் சாற்றிலிருந்து கிடைக்கும் பொருளைக்கொண்டு வானிலாவின் மணப்பொருளைச் செயற்கையாகச் செய்தார்கள். 1889ல் எமே கெர்லேன் அதைத் தன் ஜிக்கியில் உபயோகித்தார். அந்த ஜிக்கியின் புட்டியில் ழாக், வானிலினைவிட வீரியம் கூடிய எதில் வானிலினைக் கொட்டிப் பார்த்ததில் ஷாலிமார் பிறந்தது என்று கதை. கதை நிஜமோ இல்லையோ, சேர்க்கையின் தர்க்கம் அதுதான். ஒரு பழைய பிரதியின் மேல் ஒரு புதிய சொல்லை அளவுக்கு மீறி ஊற்றுவது. பிறகு அந்த மீறலைத் தாங்கும்படி மற்ற எல்லாவற்றையும் மாற்றி அமைப்பது.

சருமத்தில் அது எப்படி நடக்கிறது? முதலில் பெர்கமோட் எலுமிச்சையின் குளிர்ந்த, ஏறக்குறைய அலட்சியமான வெளிச்சம். கால்மணி நேரம் இருக்கும். அது விலகும்போதே அடியில் தோலும் கரியும் கலந்தது போன்ற ஒரு புகை தெரிகிறது. இனிப்பு கடைசியில்தான். வந்தபிறகு போவதில்லை, மறுநாள் காலை சட்டையில் இருக்கிறது. நண்பர் ஒருவர் கொடுத்த சின்னச் சீசாவை ஒரு கோடை முழுக்க உபயோகித்துப் பார்த்தேன். நம் மே மாத வெயிலில், நெரிசலான பஸ்ஸில், பெர்கமோட் இரண்டு நிறுத்தம்கூடத் தாங்குவதில்லை. ஆனால் புகை நிற்கிறது. அது இல்லையென்றால் இது பாயசம். இனிப்பு தன்னைப் பற்றிக் கொள்ளும் அபிப்பிராயத்தை அந்தப் புகை ஒத்துக்கொள்வதில்லை. புகைதான் இதன் உள்ளே இருக்கிற விமர்சகன்.

இன்று கடையில் கிடைப்பது 1925ன் ஷாலிமார் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வெயில் பட்டால் சருமத்தைப் புண்ணாக்கும் கூறுகளை நீக்கிய பெர்கமோட்டைத்தான் இப்போது போடுகிறார்கள். மிருகப் பொருள்களுக்குப் பதில் செயற்கைப் பொருள்கள். பாடபேதம் உள்ள பிரதி. வெர்சாயில் 1990ல் தொடங்கிய ஆஸ்மோதெக் என்னும் காப்பகத்தில் பழைய சூத்திரங்களின்படி செய்து வைக்கிறார்கள். வாசனைக்கும் ஒரு ஏட்டுச் சுவடி நிலையம். பதிப்பைப் பற்றிய பிரக்ஞை நமக்குக் கவிதை விஷயத்தில்கூடச் சமீபத்தில்தான் வந்தது.

இனி ஆளுமை. ஷாலிமாருக்கு விற்பனைக்காகக் கட்டிய கதை, ஷாஜஹானும் மும்தாஜும் காதலித்து உலாவிய தோட்டத்தின் பெயர் அது என்பது. லாகூர் ஷாலிமார் தோட்ட வேலை தொடங்கியது 1641ல்; மும்தாஜ் இறந்தது 1631ல். ஸ்ரீநகர் ஷாலிமார் ஜஹாங்கீர் 1619ல் அமைத்தது. அதற்கு ஏழு வருஷம் முன்பே இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. ஆக, லாகூர்த் தோட்டத்துக்குக் காதலி இல்லை. காஷ்மீரத் தோட்டத்துக்குக் காதல்காலம் முடிந்துவிட்டது. பாரிஸுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. வேட்கை, மர்மம், சோம்பல் ஆகியவை எங்கோ கிழக்கில் விளைகின்றன, புட்டியில் அடைத்து வாங்கலாம் என்ற நம்பிக்கை போதும். எட்வர்ட் ஸெய்த் 1978ல் கீழைத்தேயவாதத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியும், வாசனை வியாபாரத்தில் இந்த வகைக்கு 'ஓரியண்டல்' என்றே பெயர் நீடித்தது. 2021ல்தான் வாசனை வகைப்பாட்டாளரான மைக்கேல் எட்வர்ட்ஸ் அதை எடுத்துவிட்டு 'ஆம்பர்' என்று மாற்றினார். ஒரு பொய்ப் பெயருக்குப் பதில் இன்னொரு பொய்ப் பெயர். ஆனால் இரண்டாவது, யாரையும் மர்மமாக்காத பொய்.

ஏனென்றால் அந்த மர்மத்தின் பாதி, சாம்பிராணி. சுமத்ராவின் மரங்களிலிருந்து வருவது. அதன் ஐரோப்பியப் பெயரே 'ஜாவாவின் குங்கிலியம்' என்று பொருள்படும் அரபுச் சொல்லின் சிதைவு. சாம்பிராணிக்கும் கற்பூரத்துக்கும் பேர்போன அந்தத் தீவின் பாரூஸ் துறைமுகத்தருகே ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088ல் தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறது. பாரிஸ் அறிவதற்கு வெகு காலம் முன்பே அந்தத் துறை நமக்குப் பரிச்சயம். நமக்கு இந்தப் புகை மோகினி அல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம், குளித்த குழந்தையின் ஈரத்தலையின் கீழே காட்டுகிற தூபக்கால், கொசுத்தொல்லை. ஒரே பிசின் அங்கே படுக்கையறையாகவும் இங்கே கூடமாகவும் வாசிக்கப்படுகிறது. அப்படியானால் 'மர்மமான ஆளுமை' எங்கே இருக்கிறது? புட்டியிலும் இல்லை, பூசிக்கொண்டவளிடமும் இல்லை. முகர்கிறவன் கொண்டுவந்த ஞாபகத்தில் இருக்கிறது.

இருபதுகளில், நல்ல குடும்பத்துப் பெண் மூன்று காரியம் செய்யமாட்டாள்: சிகரெட் பிடிப்பது, டாங்கோ ஆடுவது, ஷாலிமார் பூசுவது என்று ஒரு பேச்சு வாசனைப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. இதுவும் ஆளுமை நிர்ணயம்தான். விளம்பரம் அதையே தலைகீழாக்கிப் புகழ்ச்சியாக்கியது. நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிற குமாஸ்தா. கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியாக நாளுக்கு நூறு பேரின் வாசனை வருகிறது. அதை வைத்து மனிதரை எடைபோட்டால் எந்த வங்கியும் ஒரு வருஷத்தில் திவாலாகும். வாசனையையே ஆளுமையாக்கிக்கொண்டவனின் கதியை ஹுய்ஸ்மான்ஸ் 1884ல் எழுதிவிட்டார். அவருடைய தேசேந்த் வீட்டை அடைத்துக்கொண்டு வாசனைகளால் நிலக்காட்சிகளையே இயற்றுகிறான். கடைசியில் ஜன்னலில் மயங்கி விழுகிறான். புகை இல்லாத இனிப்பின் முடிவு அது.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. வாசனை என்றால் மணம் மட்டுமல்ல. பூர்வ வாசனை, விட்டகுறை. பொருள் போனபின் தங்குவது. லா.ச.ரா.வின் 'அபிதா'வில், 1970, நடப்பது இதுதான். சகுந்தலை செத்துப் போயிருக்கிறாள். வயசான அம்பி அவளுடைய வாசனையை அவள் மகளிடம் தேடுகிறான். அவரும் வங்கியில் காலம் கழித்தவர் என்பது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். லா.ச.ரா.வைச் சொல்வாசனைக்காரர் என்று புகழ்பவர்களும் அதையே சொல்லி ஒதுக்குபவர்களும் அவரிடம் இனிப்பை மட்டும் முகர்ந்தவர்கள். 'அபிதா'வில் புகை இருக்கிறது. தன் ஏக்கத்தின் ஆபாசத்தை அந்த எழுத்து மறைக்கவில்லை. புகை மெலிந்து இனிப்பு மட்டும் நின்ற பக்கங்களும் அவரிடம் உண்டு. அங்கே எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஆகவே எந்த ஆளுமைக்குப் பொருந்தும் என்ற கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். ஷாலிமாருக்கே ஒரு ஆளுமை இருக்கிறது. முதலில் குளிர்ச்சி காட்டும், தன் மென்மையை வெட்கத்தோடு தாமதமாக வெளியிடும், வெளியிட்டபின் அதைச் சந்தேகிக்கவும் செய்யும், ஆனால் விட்டுப்போகாது. பூசிக்கொள்பவர் அதற்கு ஏற்றவராக இருக்கவேண்டியதில்லை. பத்துமணி நேரம் அதோடு இருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆண், பெண், குமாஸ்தா யாரானாலும் சரி.

இப்போது வருகிற கவிதைகளில் இரண்டு வகையை அதிகம் பார்க்கிறேன். ஒன்று முழுக்க இனிப்பு. மற்றது, இனிப்புக்குப் பயந்து, முழுக்கப் புகை. இரண்டிலும் கவிஞரின் ஆளுமை தெரிகிறது என்று மதிப்புரை எழுதுகிறார்கள். தெரியத்தான் செய்கிறது. மறுநாள் காலை சட்டையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.