180 மீட்டர் கோடும் கெடா நிலமும்

மலேசியப் பள்ளிப் புவியியல் நாட்டின் நிலத்தைப் பிரிக்க ஓர் எண்ணை நம்புகிறது. கடல் மட்டத்திலிருந்து 180 மீட்டரைத் தாண்டினால் உயர்நிலம், தாண்டாவிட்டால் தாழ்நிலம். கரையோரமும் ஆறு ஏரிகளும் தனித் தலைப்புகள். தீபகற்பத்தின் உயர்நிலம் மலைத்தொடர்களாகப் பிரிந்து வரும்: நக்காவான், கெடா-சிங்கோரா, பிந்தாங், கெலிடாங், தித்திவாங்சா, பெனோம், தாகான், கிழக்குத் தொடர். பிள்ளைகள் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து, தேர்வில் வரைபடத்தில் குறித்துவிட்டு வருகிறார்கள்.

இந்த முறையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தொடர்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காக ஓடுகின்றன என்று தெரிந்தாலே பாதி நாடு புரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை கிளந்தானையும் திரங்கானுவையும் நனைத்துத் தள்ளும்போது வட கெடாவில் ஏன் வறண்ட மாதங்கள் வருகின்றன என்பதற்குத் தித்திவாங்சாதான் முதல் விடை. உயர்நில எல்லை ஓர் எண்ணாக இருப்பதால் ஆளுக்கு ஆள் மாறாது. சமஉயரக் கோடு உள்ள வரைபடம் கையிலிருந்தால் யாரும் சரிபார்க்கலாம்.

ஆனால் கெடாவில் நின்று பார்த்தால் அந்த எண் தடுமாறுகிறது. அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கை அடுத்துள்ள வயல்வெளியில் கெரியாங் மலை நிற்கிறது. சுண்ணாம்புக்கல் மலை, ஏறத்தாழ 218 மீட்டர். அடிவாரக் குன்றுகள் எதுவும் கிடையாது. நெல் வயலின் வரப்பு முடியும் இடத்திலேயே பாறை செங்குத்தாக எழுகிறது, அதன் உடம்பெல்லாம் குகைகள். பாடநூல் கோட்டின்படி இதன் உச்சியில் நாற்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பகுதி மட்டும் உயர்நிலம்; மற்றதெல்லாம் சுற்றியுள்ள வயலோடு சேர்ந்த தாழ்நிலம். மலைப்பகுதி மேம்பாட்டுக்கான 2010 ஆம் ஆண்டின் திட்டமிடல் வழிகாட்டியோ வேறு கோடு போடுகிறது. அதில் 150 முதல் 300 மீட்டர் வரை குன்று நிலம், 1,000 மீட்டர் வரை உயர்நிலம், அதற்கும் மேல்தான் மலை. ஒரே பாறைக்குப் பள்ளியில் ஒரு வகை, திட்டமிடல் அலுவலகத்தில் இன்னொரு வகை. கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்கும் எந்த முறையும், பக்கத்து நிலத்திலிருந்து எவ்வளவு எழுந்து நிற்கிறது என்ற கேள்வியை விட்டுவிடுகிறது.

ஜெராய் மலைக்கு நேர்வது இன்னும் வருத்தமானது. 1,217 மீட்டர் உயரம். ஆனால் எந்தத் தொடரிலும் சேராமல் கடலோரச் சமவெளியில் தனியாக நிற்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அடையாளமாக இருந்த மலை அது. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. 1025 இல் இராஜேந்திர சோழனின் படை வந்த கடாரம் இந்தப் பக்கம்தான். தொடர்களின் பட்டியலை ஒப்பிக்கும் மாணவன் தன் மாநிலத்தின் இந்த மலையைச் சொல்லாமலே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம்.

இருந்தாலும் என் பெரிய மனக்குறை உயர்நிலத்தைப் பற்றியது அல்ல. தாழ்நிலம் என்ற ஒரே பெயருக்குள் கெடா இரண்டு உலகங்களை வைத்திருக்கிறது. வடக்கே மூடா சமவெளி, சுமார் 65 கிலோமீட்டர் நீளம், 20 கிலோமீட்டர் அகலம். சரிவு மிகக் குறைவு என்பதால் தண்ணீர் தானாக வடியாது. 1880களில் கெடாவின் முதலமைச்சர் வான் முகமட் சமான் அலோர் ஸ்டாரிலிருந்து குருண் வரை கால்வாய் வெட்டியதும், 1970 இல் அரசு மாடா என்னும் மூடா வேளாண் வளர்ச்சி வாரியத்தை அமைத்து இருபோகம் விளைவித்ததும் இந்தத் தட்டையான தரையை ஆளத்தான். தெற்கே பீடோங், சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய், கூலிம் பக்கம் போனால் நிலம் அலையலையாக ஏறி இறங்குகிறது. அங்கே மழைநீர் நிற்காமல் ஓடிவிடும். ரப்பருக்கு வேண்டியதும் அதுதான். வேரடியில் தண்ணீர் தேங்கினால் மரம் தேறாது. தோட்டங்கள் அங்கே வந்தன, அவற்றோடு நம் தமிழர்களும் வந்தார்கள். நானூறு, ஐந்நூறு மரம் கொண்ட ஒரு நிரையை விடிவதற்குள் வெட்டத் தொடங்கி, பிறகு பால் வாளியோடு மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கியவருக்கு அந்த நிலத்தின் சரிவு முழங்காலில் தெரியும். பாடநூலில் அவர் நிலமும் மெர்கோங் வயலும் ஒன்று. கெடாவில் யார் எங்கே குடியேறினார்கள், எந்தத் தொழில் எங்கே தங்கியது என்பதைத் தீர்மானித்தவை சரிவும் வடிகாலும். வகைப்பாட்டில் அவை இரண்டுக்கும் இடமில்லை.

உயர்நிலத்தையும் தாழ்நிலத்தையும் தனித்தனி அத்தியாயமாக்குவதிலும் ஒரு கேடு இருக்கிறது. மூடா வயல்களின் இரண்டாம் போகம் கிழக்கு மலைகளிலுள்ள பெடு, மூடா அணைகளின் தண்ணீரால் விளைவது. பினாங்கு குடிப்பதும் பெரும்பாலும் மூடா ஆற்று நீரைத்தான். 2022 ஜூலை 4 அன்று பாலிங் மாவட்டத்தில் இனாஸ் மலைப் பக்கம் கொட்டிய மழை, சேற்றையும் மரக்கட்டைகளையும் உருட்டிக்கொண்டு குப்பாங்கில் இறங்கியது. மூன்று பேர் இறந்தார்கள். மேலே காட்டை அழித்ததுதான் காரணமா என்ற வாதம் அப்போதே எழுந்தது. இறந்தவர்கள் வாழ்ந்தது தாழ்நிலத்தில். அவர்களுக்கு வந்த ஆபத்து உயர்நிலத்தின் சரிவிலிருந்து வந்தது.

180 மீட்டர் கோட்டை அழிக்கச் சொல்லவில்லை. தொடக்கப் பாடத்துக்கு அது போதும். அதன்மேல் சரிவின் அளவைச் சேர்க்கலாம். கட்டுமான அனுமதிக்காக 15, 25, 35 பாகை என்று சரிவைத் தரம் பிரிக்கும் வழக்கம் இந்த நாட்டு அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வடியும் தாழ்நிலம், வடியாத தாழ்நிலம் என்று இன்னொரு பிரிவும் வேண்டும். அப்படி ஒரு வரைபடம் இருந்தால், சுங்கைப்பட்டாணி மாணவி தன் தாத்தா வேலை பார்த்த தோட்டம் ஏன் அலோர் ஸ்டார் பக்கம் அமையவில்லை என்பதை அதிலேயே படித்துக்கொள்வாள்.